புதுப்பிப்பு: ஐஸ்லாந்து சுற்றுச்சாலைக்குச் சின்ன கார் போதுமா? போதும்!

செப்டம்பரில் எட்டு நாளில் ஐஸ்லாந்தைச் சுற்றிவர ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய்விட்டு வந்தாச்சு.

"எண் எஃப் என்று தொடங்கும் மலைச்சாலைகளில் ஏறாதவரை சாதாரண கார் போதும்" என்றவர் சொன்னதே சரி. தீவைச் சுற்றிவரும் ஏறத்தாழ 1,320 கி.மீ. சுற்றுச்சாலை முழுவதும் தார்ச்சாலைதான். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலங்களில் மட்டும் நின்று, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துப் போகணும்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது இன்னொருவர் சொன்ன யோசனை: தினமும் காலையில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது. மூன்றாம் நாள் தெற்குக் கரையில் வீக் என்ற ஊரில் இருந்தோம். போகும் வழியிலுள்ள ஸ்கெய்தாரார்சாந்தூர் மணல்வெளியில் பலத்த காற்று என்று எச்சரிக்கை. மதியம்வரை காத்திருந்தோம். அதனால் யோகுல்சார்லோன் ஏரிக்கு மாலையில்தான் போய்ச் சேர்ந்தோம், ஆனால் அந்த வெளிச்சம்! வாட்னயோகுல் பனிப்பாறையின் ஒரு கிளையிலிருந்து உடைந்த கட்டிகள் கடலுக்குப் போய், கறுப்பு மணலில் திரும்ப ஒதுங்கிக் கிடக்கின்றன. கூட்டமும் இல்லை.

எதிர்பாராதது: ஆளில்லாத பெட்ரோல் பங்கில் வங்கிக் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்டது, என்னுடையது வேலை செய்யவில்லை. ஆள் இருக்கும் பங்கில் பெட்ரோலுக்கான ப்ரீபெய்டு கார்டு வாங்கிச் சமாளித்தேன். முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவிக்குப் பின்னால் நடக்க மழைக்கோட்டு மட்டும் பத்தாது, மழை பேன்ட்டும் வேணும். அங்கிருந்து சில நிமிட நடையில், பாறை இடுக்குக்குள் க்ளியூஃப்ராபூய் அருவி ஒளிந்திருக்கிறது. தவறவிடாதீர்கள்.