லினக்ஸ் முழுக்க ஒரே ஈக்வலைசர்: பாஸ் ஏற்றினால் கரகரக்கிறது

கேள்வி:
உபுண்டு 24.04, ஜினோம், வயர் ஹெட்போன். விஎல்சி-யில் உள்ள ஈக்வலைசர் (பாஸ், ட்ரெபிள் என்று ஒலியைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) அதற்குள் மட்டும்தான். பிரவுசர் உட்பட எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும். பல்ஸ்எஃபெக்ட்ஸா, ஈசிஎஃபெக்ட்ஸா? இரண்டாவதைப் போட்டு 60 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் ஏற்றினால் பாஸ் விழும் இடமெல்லாம் கரகரப்பு. ரீபூட் செய்தால் ஈக்வலைசரே வேலை செய்வதில்லை.

பதில் 1:
ஈசிஎஃபெக்ட்ஸ்தான். பழைய பல்ஸ்எஃபெக்ட்ஸ், லினக்ஸின் ஒலியைக் கையாளும் பைப்வயருக்கு மாறிப் பெற்ற பெயர் அது. உபுண்டு 22.10 முதலே பைப்வயர்தான்.

கரகரப்பு கிளிப்பிங். இன்றைய பாடல்கள் பெரும்பாலும் உச்ச அளவை ஒட்டியே மாஸ்டர் ஆகின்றன. அதன்மேல் 8 டெசிபல் ஏற்றினால் போக இடமில்லை, அலையின் தலை வெட்டுப்படும். ஈக்வலைசரின் இன்புட் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) -8 டெசிபலுக்கு இறக்குங்கள். பக்கத்துப் பேண்டுகளையும் (அதிர்வெண் பட்டைகளையும்) ஏற்றியிருந்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று கூடும், அதனால் -10 வைப்பது நல்லது. சத்தம் குறைந்ததுபோல் இருக்கும்; வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு லிமிட்டர் (ஒலி உச்சத்தைத் தாண்டாமல் அமுக்குவது) இருக்கட்டும், ஆனால் கெயினைக் குறைக்காமல் லிமிட்டரை மட்டும் நம்பினால் பாஸ் அடிக்கும்போதெல்லாம் குரல் அமுங்கும்.

ரீபூட் சிக்கலுக்கு: பிரிஃபரன்சஸில் சிஸ்டம் தொடங்கும்போதே சர்வீஸ் ஓடும் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். இந்த அமைப்புகளை ஒரு பிரிசெட்டாகச் சேமித்து, ஆட்டோலோடிங்கில் ஹெட்போனுக்கு அதைக் கட்டிவிடுங்கள். ஜினோம் சவுண்ட் செட்டிங்ஸில் ‘ஈசி எஃபெக்ட்ஸ் சிங்க்’ என்பதை அவுட்புட்டாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அங்கே ஹெட்போனே இருக்கட்டும், ஆப்களின் ஒலியை ஈசிஎஃபெக்ட்ஸ் தானே இழுத்துக்கொள்ளும்.

பதில் 2:
ஈக்வலைசருக்காக மட்டும் பின்னணியில் ஒரு ஆப் ஓட வேண்டியதில்லை என்பது என் கட்சி. பைப்வயரிலேயே, ஒலி ஃபில்டர்களை வரிசையாகக் கோத்துத் தரும் ஃபில்டர்-செயின் இருக்கிறது. யுஎஸ்ஆர், ஷேர், பைப்வயர், ஃபில்டர்-செயின் என்று ஃபோல்டர்களுக்குள் போனால் ‘சிங்க்-ஈக்யூ6’ என்ற மாதிரி ஃபைல் கிடைக்கும். ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில், பைப்வயருக்குக் கீழே ‘பைப்வயர்.கான்ஃப்.டி’ உருவாக்கி அதில் நகலெடுத்து, பைப்வயரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆறு பேண்டிலும் கெயின் 0 என்றுதான் வரும், அதனால் மாற்றும்வரை வித்தியாசமே கேட்காது.

ப்ரீஆம்ப் (மொத்த ஒலியையும் முதலிலேயே ஏற்றி இறக்குவது) இதில் தனியாக இல்லை. முதல் பேண்டுக்கு முன்னால் ஒரு ஹைஷெல்ஃப் (ஓர் அதிர்வெண்ணுக்கு மேலுள்ளதை எல்லாம் ஏற்றி இறக்கும் ஃபில்டர்) போட்டு, அதிர்வெண் 0, கெயின் -10 கொடுங்கள்; அதிர்வெண் 0 என்றால் அது வெறும் கெயினாகவே நடக்கும். அதை முதல் பேண்டோடு இணைக்கும் லிங்க் வரியை மறக்காதீர்கள். இங்கே விதி தலைகீழ்: ‘ஈக்வலைசர் சிங்க்’கைத்தான் அவுட்புட்டாக வைக்க வேண்டும்.

கேட்டவர்:
-10 வைத்ததும் கரகரப்பு போய்விட்டது. இதே பிரிசெட் லேப்டாப் ஸ்பீக்கருக்கும் ஆகுமா?

பதில் 1:
ஆகாது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, ஏற்றினால் அதிரத்தான் செய்யும். தனி பிரிசெட்டில் ஹை-பாஸ் (மேல் அதிர்வெண்களை மட்டும் விடும்) ஃபில்டர் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, டப்பா ஒலி வந்தால் 400 பக்கம் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.