அடியில் கிடக்கும் ஃபுட்டி அணியைத் தூக்கி நிறுத்துவது: பிக் சேர்ப்பதா, ஆள் வாங்குவதா?

தெற்குக்கோல் (கேள்வி)

ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) அணி ஒன்றை அடியிலிருந்து கட்டுவதைப் பற்றி ஒரு மாதிரி லிஸ்ட்டை (ஆட்டக்காரர் பட்டியலை) வைத்துக் கேட்கிறேன். கிளப் பெயர் வேண்டாம், கணக்குத்தான் வேண்டும்.

அணி 18-வது, அதாவது கடைசி இடத்தில் முடித்திருக்கிறது. புதிய பையன்களைக் கிளப்புகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் கையில் பிக் (எடுக்கும் முறையின் எண்) 1, 19, 37. 22 வயதுக்குக் கீழே 16 பேர் இருக்கிறார்கள். 23 முதல் 27 வரை 7 பேர்தான். ரக்மேனுக்கு (நடுவர் போடும் பந்தை எம்பித் தட்டும் உயரமானவர்) 31 வயது. கீ டிஃபெண்டர் (எதிரணியின் உயரமான முன்வரிசை ஆளை மறிப்பவர்) என்று நம்பிச் சொல்ல ஒருவரும் இல்லை. அணியின் சிறந்த மிட்ஃபீல்டருக்கு 28 வயது, ஒப்பந்தம் இன்னும் 2 வருடம் பாக்கி. சொந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்கிறார். அங்கே இருக்கும் கிளப் பிக் 12-ஐயும் 18-ஐயும் தரத் தயார். அடுத்த வருட டிராஃப்டில் முதல் ஐந்துக்குள் போகக்கூடிய ஃபாதர்-சன் பையன் (கிளப்பின் பழைய ஆட்டக்காரரின் மகன், அவனை எடுக்கக் கிளப்புக்கு முன்னுரிமை) ஒருவனும் இருக்கிறான்.

அவரை விற்கலாமா? விற்றால் 12, 18 இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிக் 3-க்கு ஏற முடியுமா? ஃபாதர்-சன்னுக்கு இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும்? ஃபைனல்ஸ் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்று) எட்ட எத்தனை வருடம் என்று வைத்துக்கொள்வது நியாயம்?

லிஸ்ட்கணக்கு

பிக்குகளை விடுங்கள். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது 23 முதல் 27 வரை 7 பேர் என்ற வரிதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணியில் 23 பேர் இறங்குகிறார்கள். உங்கள் லிஸ்ட்டில் அந்த 23-ல் பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளியை முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத பையன்கள். 85 கிலோவுக்கு மேல் எடை ஏறிய 26 வயது ஆட்களோடு ஸ்டாப்பேஜில் (ஆட்டம் நின்று பந்து மறுபடி போடப்படும் இடத்தில்) மோதி, மூன்றாவது குவார்ட்டரிலேயே கால் தளர்ந்துவிடுவார்கள். குருவி தலையில் பனங்காய். 60, 80 பாயிண்ட் வித்தியாசத்தில் வாரா வாரம் தோற்கும்போது நல்ல பையனும் தப்பான பழக்கங்களைக் கற்கிறான். பந்து கிடைத்ததும் பயந்து உதைப்பான், எதிராளியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுவான்.

கார்ல்டனைப் பாருங்கள். 2005-ல் மார்க் மர்ஃபி, 2006-ல் பிரைஸ் கிப்ஸ், 2007-ல் மேத்யூ குரூசர் என்று மூன்று வருடம் அடுத்தடுத்துப் பிக் 1. அதே 2007-ல் பிக் 3-ஐயும் ஜாஷ் கென்னடியையும் கொடுத்து கிறிஸ் ஜட்டை வாங்கினார்கள். அந்தக் கூட்டணி ஒரு பிரீலிமினரி ஃபைனலைக்கூட (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய சுற்று) எட்டவில்லை. நார்த் மெல்பர்ன் 2020 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் லேடரின் (புள்ளிப் பட்டியலின்) கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில்தான் முடித்தது. உச்சிப் பிக்குகளுக்கு அங்கே குறைவில்லை. அவற்றைச் சுற்றி வளர்ந்த உடம்புகள் இல்லை.

மெல்பர்ன் டீமன்ஸ் இரண்டு பாடங்களையும் ஒரே கிளப்பில் காட்டியது. 2008-ல் பிக் 1 ஜாக் வாட்ஸ், 2009-ல் பிக் 1 டாம் ஸ்கல்லி, பிக் 2 ஜாக் ட்ரெங்கோவ். 2013-ல் அந்த அணி வென்றது 2 ஆட்டம். 2014-ல் பால் ரூஸ் கோச்சாக வந்த பிறகுதான் வரிசை மாறியது. முதலில் கோல் விடுவதைக் குறைத்தார்கள், அதன் பிறகே மிட்ஃபீல்ட் கட்டினார்கள். 2014 டிராஃப்டில் பிக் 2 கிறிஸ்டியன் பெட்ராக்கா, பிக் 3 ஆங்கஸ் பிரேஷா. 2015-ல் கோல்ட் கோஸ்டிடம் 2016-இன் முதல் சுற்றுப் பிக்கையும் சேர்த்துக் கொடுத்து மேலே ஏறி க்ளேட்டன் ஆலிவரை எடுத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் இன்னொரு கார்ல்டன் ஆகியிருக்கும். 2017-இன் இறுதியில் இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுத்து அடிலெய்டிலிருந்து ஜேக் லீவர், 2018-இன் இறுதியில் பிக் 6-ஐக் கொடுத்து கோல்ட் கோஸ்டிலிருந்து ஸ்டீவன் மே. பின்வரிசையின் முதுகெலும்பை டிராஃப்டில் வளர்க்கவில்லை, விலைக்கு வாங்கினார்கள். 2021-இல் 57 வருடப் பிரீமியர்ஷிப் (சாம்பியன் பட்டம்) பஞ்சம் தீர்ந்தது. 2014-இலிருந்து எண்ணினால் எட்டாவது சீசன். உங்கள் நாலாவது கேள்விக்கு இதுதான் என் அளவுகோல்: எல்லாம் ஒழுங்காகப் போனால் ஃபைனல்ஸுக்கு 4 வருடம். 2 வருடத்தில் என்று சொல்லும் லிஸ்ட் மேனேஜரை நம்ப வேண்டாம்.

28 வயதுக்காரரை விற்கலாம். ஆனால் அதே அக்டோபரில் (டிரேடு நடக்கும் மாதம்) 24 முதல் 26 வயதுக்குள் குறைந்தது இரண்டு பேரை உள்ளே கொண்டுவருவது அந்த விற்பனையின் ஒரு பாதி. அது முடியாதென்றால் அவரை ஒரு வருடம் வைத்திருங்கள்.

பாயிண்ட்மேசை

மேலே சொன்னதோடு முழுக்க உடன்பாடு. கடைசி வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு.

ஒருவர் ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து, டிரேடு இல்லாமலே) வேறு கிளப்புக்குப் போனால் கிளப்புக்கு நஷ்டஈட்டுப் பிக் கிடைக்கும். புதிய ஒப்பந்தத்தின் சம்பளமும் நீளமும், ஆட்டக்காரரின் வயதும் சேர்ந்து அதன் தரத்தை முடிவு செய்யும். மேல்படி கிடைத்தால் உங்கள் முதல் சுற்றுப் பிக்குக்கு நேர் பின்னால் உட்காரும். கடைசியில் முடித்த அணிக்கு அது தங்கம். 2014-இல் ஜேம்ஸ் ஃப்ராலி ஹாத்தார்னுக்குப் போனபோது மெல்பர்னுக்குப் பிக் 3 வந்தது, அதில்தான் பிரேஷா. 2023-இல் பென் மெக்கே எசென்டனுக்குப் போனபோது நார்த்துக்கும் பிக் 3. இருவரையும் நேரடி டிரேடில் கொடுத்திருந்தால் எவரும் பிக் 3 தந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் மிட்ஃபீல்டருக்கு இது பொருந்தாது. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 30 வயது. அந்த வயதில் நஷ்டஈடு சரிந்துவிடும். ஆகவே விற்பதானால் இந்த அக்டோபர், அல்லது அடுத்தது. இன்னொன்று: நஷ்டஈடு நிகரக் கணக்கு. ஒருவர் போன அதே காலத்தில் நீங்களும் பெரிய ஃப்ரீ ஏஜென்ட் ஒருவரை எடுத்தால் வரவேண்டிய பிக் சுருங்கும் அல்லது வராமலே போகும். பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

பிக் 3-க்கு ஏறுவது. ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பு வைத்து 2015 முதல் 2024 வரை இருந்த பாயிண்ட் அட்டவணையில் பிக் 12-க்கு 1268, பிக் 18-க்கு 985, கூட்டினால் 2253. பிக் 3-க்கு 2234. தாளில் சமம். ஆனால் பிக் 3 வைத்திருக்கும் கிளப் அந்தச் சமத்துக்கு இறங்கி வராது, மேலே ஏதாவது கேட்கும். அந்த அட்டவணை பிட் (ஃபாதர்-சன் பையன் போன்றவர்களுக்கு வேறு கிளப் விடும் அழைப்பு) ஈடுகட்டுவதற்காகப் போட்டது, டிரேடு விலைப்பட்டியல் அல்ல. முதல் ஐந்து பிக்குகளுக்குச் சந்தை எப்போதும் அட்டவணைக்கு மேலேதான் விலை வைக்கும். கூடவே உங்கள் 19-ஐக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அடுத்த வருட முதல் சுற்றைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அடியில் இருக்கும் அணி எதிர்கால முதல் சுற்றை விற்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது.

ஃபாதர்-சன். தகப்பன் உங்கள் கிளப்புக்கு 100 சீனியர் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், அதை முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு முறை இது: வேறொரு கிளப் தன் பிக்கில் பையன் பெயரைச் சொல்லும், நீங்கள் அந்தப் பிக்கின் பாயிண்டைத் தள்ளுபடி போக உங்கள் அடுத்தடுத்த பிக்குகளால் கட்டி அவனை எடுத்துக்கொள்வீர்கள். 2022-இல் பிரிஸ்பேனின் ஃபாதர்-சன் வில் ஆஷ்க்ராஃப்ட்டுக்குப் பிக் 2-இல் பிட் வந்தது. 2517 பாயிண்ட், 20 சதவீதம் தள்ளினால் 2014. அதே டிராஃப்டில் அவர்களுடைய இன்னொரு ஃபாதர்-சன் ஜாஸ்பா ஃப்ளெச்சருக்குப் பிக் 12-இல் பிட். 1268 தள்ளுபடி போக 1014. மொத்தம் 3028, அதாவது பிக் 1-இன் 3000-ஐவிட அதிகம். பிரிஸ்பேன் இதைப் பிந்தைய பிக்குகளைக் குவித்தே கட்டியது. மாதிரிக்குச் சொன்னால் 30, 31, 32 இவற்றின் 629, 606, 584-ஓடு பிக் 50-இன் 273 சேர்ந்தால் 2092, ஆஷ்க்ராஃப்ட்டுக்குப் போதும்.

2025-இலிருந்து இந்த வழி குறுகிவிட்டது. தள்ளுபடி 10 சதவீதம்தான், பிந்தைய பிக்குகளின் பாயிண்டும் வெட்டப்பட்டது, 54-க்குப் பிந்தைய பிக்குகளுக்கு மதிப்பே இல்லை. ஆகவே இப்போது தேவை இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் இருக்கும் பிக்குகள். லிஸ்ட்டில் எத்தனை இடம் காலியோ அத்தனை பிக்தான் டிராஃப்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பதையும் மறக்காதீர்கள். ஐந்து பிக்கால் கட்டத் திட்டமிட்டால் ஐந்து பேரின் ஒப்பந்தம் அந்த வருடம் முடிய வேண்டும். அதை இன்றைக்கே எழுதிவையுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். அடுத்த வருடமும் கடைசி சில இடங்களில் முடித்தால் உங்கள் முதல் பிக்கும் பிட்டும் மோதிக்கொள்ளும். முதல் பிக்கில் வேறு பையனை முதலில் எடுத்துவிட்டு, பிறகு வரும் பிட்டை மற்ற பிக்குகளால் கட்ட வேண்டும். முதல் பிக்குக்கு முன்னால் பிட் வந்தால் அந்தப் பெரிய பிக்கே கரைந்துபோகும்.

தெற்குக்கோல்

நன்றி. நிகர நஷ்டஈடு என் கணக்கில் இல்லவே இல்லை. 24 முதல் 26 வயது ஆட்கள் கடைசி இடத்து அணிக்கு ஏன் வருவார்கள்? எந்த இடத்துக்கு முதலில் ஆள் தேட வேண்டும்?

ஸ்டாப்பேஜ்

பிரிஸ்பேன் இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அவர்கள் பிரச்சினை உங்களுடையதைவிட மோசம். 2013-இன் இறுதியில் டாகர்ட்டி, யோ, போலெக், லாங்கர், கார்னெசிஸ் என்று ஐந்து இளம் ஆட்டக்காரர்கள் ஒரே அக்டோபரில் வெளியேறினார்கள். டிராஃப்டில் எடுத்ததை வைத்துக்கொள்ளவே முடியாத கிளப்.

2017-இல் கிறிஸ் ஃபேகன் கோச்சாக வந்து அந்த வருடமும் கடைசி இடம்தான், 5 வெற்றி. 2018-இலும் 5. ஆனால் 2017 அக்டோபரிலேயே ஓய்வு அறிவித்திருந்த லூக் ஹாஜை ஹாத்தார்னிலிருந்து அழைத்துவந்தார்கள். வயது 33. பின்வரிசையில் நின்று பையன்களை எங்கே நில், எப்போது விடு என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லிக்கொடுக்கத்தான் அவர். அதே மாதம் பிக் 12-க்கு அடிலெய்டின் சார்லி கேமரன். அடுத்த வருடம் டேன் பீம்ஸை காலிங்வுட்டுக்கு விற்று, கிட்டத்தட்ட அதே நேரத்தில் பிக் 6, 19, 55 கொடுத்து ஃப்ரீமேன்டிலின் லாக்கி நீலை எடுத்தார்கள். போனவருக்கு 28 வயது, வந்தவருக்கு 25. உங்கள் நிலைமை அச்சு அசல் இதுதான். கோல்ட் கோஸ்ட் கழற்றிவிட்ட ஜாரிட் லயன்ஸ் டிலிஸ்டட் ஃப்ரீ ஏஜென்டாக வந்தார், ஒரு பிக்கும் செலவில்லை. 2019-இல் 16 வெற்றி, இரண்டாம் இடம். நீல் 2020-இலும் 2023-இலும் பிரவுன்லோ (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம்) வென்றார். பிறகு 2024, 2025 பிரீமியர்ஷிப்புகள்.

அந்தப் பிக் 6-இன் பயணம் ரசிக்கத்தக்கது. பிரிஸ்பேனிடமிருந்து ஃப்ரீமேன்டிலுக்கு, ஜெஸ்ஸி ஹோகனுக்காக அங்கிருந்து மெல்பர்னுக்கு, ஸ்டீவன் மேக்காக மெல்பர்னிலிருந்து கோல்ட் கோஸ்டுக்கு. கோல்ட் கோஸ்ட் அதில் பென் கிங்கை எடுத்தது. நீலும் மேயும் பின்னாளில் பிரீமியர்ஷிப் வென்றார்கள். ஆளாக மாற்றியவர்களுக்கு உடனே பலன், பிக்காக வைத்திருந்தவர்களுக்கு நீண்ட காத்திருப்பு.

ஏன் வருவார்கள்? பணம், இடம், ஒப்பந்த நீளம். சேலரி கேப்பில் (மொத்தச் சம்பள வரம்பில்) குறைந்தது 95 சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும். இளம் லிஸ்ட்டில் அந்தப் பணம் மிஞ்சி நிற்கும். அதைச் சுமாரான ஆட்களுக்குச் சம்பள உயர்வாகக் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. நாலாவது வருடத்தில் உங்கள் பையன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய சம்பளம் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. சரியான வழி, நல்லவர்களின் ஒப்பந்தப் பணத்தை முன்வருடங்களுக்கு இழுத்துக் கட்டுவது. 25 வயதுக்காரருக்கு 5 வருட ஒப்பந்தம், முதல் இரண்டு வருடம் கனம், பின்மூன்று இலேசு. பெரிய அணியில் ஏழாவது மிட்ஃபீல்டராக பெஞ்சுக்கும் வி.எஃப்.எல்.லுக்கும் (கீழ்நிலை லீக்) அலைகிறவரைத் தேடுங்கள். நட்சத்திரத்தைத் துரத்த வேண்டாம்.

இடம்: முதலில் கீ டிஃபெண்டர், சந்தேகமே இல்லை. பந்து 60 முறை தற்காப்புப் பகுதிக்குள்ளே வரும் அணியில் 19 வயது ஃபுல் பேக்கை நிறுத்துவது அவனுக்குச் செய்யும் கேடு.

லிஸ்ட்கணக்கு

ஸ்டாப்பேஜ் சொன்னதோடு ஒன்று: ரக்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். மிட்ஃபீல்டர் இரண்டாவது மூன்றாவது வருடத்தில் தெரிந்துவிடுவான். ரக்மேனும் கீ ஆட்களும் அப்படியல்ல. மேக்ஸ் கான் 2009-இல் பிக் 34. முதல் ஆல்-ஆஸ்திரேலியன் (வருடத்தின் சிறந்த அணியில் இடம்) 2016-இல். ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் 2014-இல் பிக் 61, முதல் ஆல்-ஆஸ்திரேலியன் 2019-இல். இதனால் பிக் 1-ஐ ரக்குக்குச் செலவழிக்காதீர்கள், மிட்ஃபீல்டுக்கே போகட்டும். பிக் 37-இல் 200 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான பையன் ஒருவனை எடுத்து, 31 வயதுக்காரர் இன்னும் இரண்டு சீசன் ஆடும்வரை அவருக்குப் பின்னால் ரிசர்வ்ஸில் வளர விடுங்கள். அவர் உடைந்தால் மிட்-சீசன் டிராஃப்டில் மாநில லீக் ரக்மேன் ஒருவரை எடுக்க லிஸ்ட்டில் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருங்கள்.