பொருள்: ஸ்ப்ளே லெக் = விரிகால்?

> கோழிக்குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் அகன்றுபோகும் ஸ்ப்ளே லெக் என்பதற்குக் 'குஞ்சுக் கால் ஊனம்' எனவும், முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு 'அடைகாப்பான்' எனவும் தமிழில் பெயர் வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

'ஊனம்' வேண்டாம். பிறவிக் கோளாறு, இனித் தேறாது என்று நினைத்துக் குஞ்சைக் கழித்துவிடுவார்கள். பொரித்த இரண்டு நாளுக்குள் கவனித்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். வழுவழுப்பான தட்டிலோ செய்தித்தாள் விரித்த பெட்டியிலோ குஞ்சு எழப் பார்க்கும்போது பிடிமானம் இல்லாமல் கால்கள் பக்கவாட்டில் சறுக்கி அகன்றுவிடும். ஆகவே 'விரிகால்' என்கிறேன்.

மருந்து ஒட்டும் பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லியதாக வெட்டி, பஞ்சுப் பகுதி நடுவில் வரும்படி இரு கால்களையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். இடைவெளி ஏறத்தாழ 2.5 செ.மீ., அதாவது குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம். குஞ்சு வேகமாக வளர்வதால் தினமும் அவிழ்த்துக் கட்டுவது நல்லது. இறுகினால் பாதம் வீங்கும். மூன்று நான்கு நாள் போதும். தரையில் சொரசொரப்பான துணி, தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் (கட்டுப்போட்ட குஞ்சு கவிழ்ந்தால் எழாது).

இதே கட்டை வேறு கோளாறுகளுக்குப் போட்டால் பலன் இல்லை. குதிமூட்டு வீங்கி, தசைநாண் பக்கவாட்டில் விலகிக் கால் திருகினால் அது பெரோசிஸ்: தீவனத்தில் மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைவு. அதை 'நாண் நழுவல்' எனலாம். விரல்கள் உள்நோக்கி மடங்கி, குதிமூட்டை ஊன்றி நடந்தால் வைட்டமின் பி2 குறைவு. அதற்கு 'விரல் சுருளல்'.

---

உங்கள் 'விரிகால்' சரி. கவட்டுக்கால் என்று யாராவது சொல்வார்கள், ஏற்காதீர்கள்; அது நடக்கும் விதத்தைக் குறிக்கும்.

'அடைகாப்பான்'தான் இடிக்கிறது. பொரித்த குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரையும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ்; புரூடரில் முதல் வாரக் குஞ்சுக்கு சுமார் 35, பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறையும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் எதைத் திருகுவார்?

பெரிய பொரிப்பகத்தில் இயந்திரமே இரண்டு. 18 நாள் முட்டையைத் திருப்பிக்கொண்டே இருப்பது ஒன்று, திருப்பாமல் கடைசி மூன்று நாள் வைப்பது இன்னொன்று. 'அடைப்பெட்டி', 'பொரிப்பெட்டி' என்று பிரித்தால் கோளாறும் பிரியும்: அடைப்பெட்டியில் சூடு கூடினால் குஞ்சு முந்திப் பொரிந்து விரல் கோணும், ஈரப்பதம் மிகுந்தால் வயிறு பெருத்து நிற்கத் திணறும், தட்டு வழுக்கினால் விரிகால், அது பொரிப்பெட்டியின் குற்றம்.

அவயக்கோழியின் (அடைகாக்கும் கோழியின்) கீழ் விரிகால் அரிது. அடைக்கூடையின் மணலும் வைக்கோலும் நகத்துக்குப் பிடி கொடுக்கின்றன. அதற்காக எல்லாக் கால் கோளாறையும் 'பொரிப்பான் நோய்' என்று எழுதுவது தவறு. தாய்க்கோழியின் தீவனத்தில் பி2 இல்லையென்றால் அவயத்தில் பொரித்தாலும் விரல் சுருளும்.

புரூடருக்கு 'வெப்பக்கூண்டு' என்று முன்மொழிகிறேன்.