மின்காரின் கண்ணாடிக் கூரையில் ரூஃப் ராக்: வேகம் கூடினால் விசில் ஒலி, ஓடும் தூரமும் குறைகிறது

கேள்வி

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவில் ரெஸ்லா மொடல் 3 வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் ஸ்கீ (பனிச்சறுக்கு) பலகைகளைக் கொண்டு செல்வதற்காக, வேறொரு நிறுவனம் தயாரித்த ரூஃப் ராக் (கூரையில் சாமான் கட்டும் சட்டங்கள்) ஒன்றை வாங்கி, கூரையோர மூடிகளின் கீழ் உள்ள பொருத்துமிடங்களில் நானே பூட்டினேன். நகருக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் மெல்லிய, கூர்மையான விசில் ஒலி எழுகிறது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஓடும் தூரமும் கண்கூடாகக் குறைந்துள்ளது. ஆணிகளை இன்னும் இறுக்கினால் ஒலி நிற்குமா, அப்படி இறுக்குவது கண்ணாடிக்குக் கேடாகுமா என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1

முதலில், ஒலிக்காக ஆணிகளை இறுக்க வேண்டாம். தளர்வான பாகம் தடதடக்கும், விசிலடிக்காது. உங்கள் ஒலி எந்த வகை என்பதைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ராக்கின் குறுக்குச் சட்டத்தைக் கடக்கும் காற்று அதன் பின்புறத்தில் மாறி மாறிச் சுழல்களாகப் பிரிகிறது. 30 மி.மீ. தடிப்புள்ள உருண்டைச் சட்டமானால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 185 அதிர்வுகள் எழும். அது காதுக்குத் தாழ்ந்த முழக்கமாகவே கேட்கும். கூர்மையான விசில் பெரும்பாலும் சட்டத்தின் மேற்பள்ளத்திலிருந்து வருவது. திறந்த பள்ளத்தின் மேல் காற்று ஓடும்போது புல்லாங்குழலின் துளையில் நடப்பதே அங்கும் நடக்கிறது. ஆகவே ஸ்கீ பிடிப்பான்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் பள்ளத்தை மூடும் ரப்பர் பட்டி இடைவெளியின்றி இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் தடித்த விளிம்பு முன்னோக்கி இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் முழக்கம் கேட்டால், சட்டத்தைச் சுற்றி ஒரு கயிற்றைச் சுருளாகக் கட்டிப் பாருங்கள். உயரமான புகைபோக்கிகளில் சுருள் பட்டிகள் பொருத்துவதும் இந்தச் சுழல்கள் ஒழுங்காக உருவாகாமல் கலைப்பதற்காகத்தான்.

கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். சுமை இறங்குவது கூரையோரத்து உலோகச் சட்டகத்தில். ஆனால் அங்கே புதிதாகத் துளையிடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. பக்கத் திரைக் காற்றுப்பைகள் அந்த ஓரத்தில்தான் மடிக்கப்பட்டுள்ளன.

பதில் 2

தூரம் குறைவதற்குக் காரணம் காற்றுத்தடை. ஒரு கிலோமீற்றருக்குக் காற்று பறிக்கும் சக்தி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே 110இலிருந்து 90க்கு இறங்கினால் அந்தப் பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி மிச்சமாகும். பெற்றோல் காரிலும் இதே தடை உண்டு. ஆனால் அங்கே எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாக வீணாவதால் இந்த இழப்பு அவ்வளவாக வெளித்தெரிவதில்லை. மின்மோட்டார் வீணாக்குவது சொற்பம் என்பதால், கூரையில் வைத்த ஒவ்வொரு பொருளும் கணக்கில் பளிச்செனத் தெரிகிறது.

இருந்தாலும் குளிராலும் தூரம் குறையும்; அந்தப் பங்கை ராக்கின் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போகவும் வரவுமாக ராக்குடன் ஒரு முறையும் அதைக் கழற்றி ஒரு முறையும் ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை வாட்-மணி செலவாகிறது என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எடையையும் மறக்க வேண்டாம். மொடல் 3இன் கூரைச் சுமை எல்லை 68 கிலோ. பட்டரியின் பாரத்தால் மின்கார்களில் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சும் அளவு பலர் நினைப்பதைவிடக் குறைவு என்பதால், கதவுச் சட்டகத்தில் ஒட்டியுள்ள எடை அட்டையையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முன்சட்டத்தில், பிடிப்பானுக்கும் ஓரத்துக்கும் இடையே ரப்பர் பட்டி இல்லாத ஒரு துண்டு இருந்தது. அதை மூடியபின் விசில் அடங்கிவிட்டது. ஸ்கீ காலம் முடிந்த பிறகும் சட்டங்களை அப்படியே விட்டுவைக்கலாமா?

பதில் 1

கழற்றிவிடுங்கள். வெறும் சட்டமும் சக்தியைத் தின்னும். அத்துடன் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு ஆணிப்புரிகளில் இறங்கினால், பிறகு கழற்றவே முடியாதபடி ஆணிகள் இறுகிவிடும். மறுபடி பூட்டும்போது, ராக்கின் பாதங்களின் கீழ் மணல் இல்லாமல் துடைத்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் டோர்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவியால்) இறுக்கி, முதல் சிறு பயணம் முடிந்ததும் மீண்டும் சரிபாருங்கள்.