மறு: தெர்மோக்ளைன், ஹேலோக்ளைன் – 'சரிவு' வேண்டாம், 'மாறடுக்கு' சரிப்படுமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கடல்ல ஆழம் போகப்போக வெப்பநிலை வேகமா மாறுற பட்டை தெர்மோக்ளைன், உப்பு வேகமா மாறுற பட்டை ஹேலோக்ளைன். நம்ம சொற்பட்டியலுக்கு இதுங்கள 'வெப்பச்சரிவு', 'உவர்ச்சரிவு'ன்னு அண்ணன் முந்தின மடல்ல கொடுத்திருந்தத படிச்சேன். கிரேக்க வேர்ல சாய்வுங்கிற பொருள் இருக்கு, அத வச்சு வந்திருக்கீங்க, புரியுது. ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஏன்னா கடல்ல நடக்கறது அப்படி இல்ல.

வெப்பமண்டலக் கடல்ல சிடிடி கருவிய (உப்பு, வெப்பநிலை, ஆழம் மூணையும் அறிய உதவறது) கேபிள்ல கட்டி இறக்குறப்ப திரையில வர்ற வெப்பநிலைக் கோட்ட பாருங்க, கீழ போனா ஆழம், இடதுபக்கம் போனா குளிர். மேல அம்பது மீட்டர் வாக்குல 28 டிகிரியிலயே நேரா கீழ இறங்கும், காத்தும் அலையும் கலக்கி வச்ச தண்ணி அது. அப்புறம் சட்டுன்னு இடதுபக்கம் திரும்பி 200 மீட்டர் வர்றதுக்குள்ள 15 டிகிரி கிட்ட வந்துரும், அதுக்கும் கீழ மெதுவா குறைஞ்சு அடியாழத்துல 2 டிகிரி வாக்குல நிக்கும். நடுவுல வேகமா மாறுற அந்தப் பட்டை தான் தெர்மோக்ளைன். இத மட்டும் பாத்தா சரிவுங்கிறது பொருத்தமாத்தான் தோணும்.

ஆர்க்டிக்ல இது அப்படியே தலைகீழ். அங்க மேல்தண்ணி உறையற நிலைக்குப் பக்கத்துல, மைனஸ் 1.8 டிகிரி வாக்குல கிடக்கும், சில நூறு மீட்டர் கீழ அட்லாண்டிக்ல இருந்து வந்த தண்ணி பூஜ்யத்துக்கு மேல இருக்கும். கீழ போகப்போக வெப்பநிலை ஏறுது, அத எப்படிங்க சரிவுன்னு சொல்றது? சூடான தண்ணி ஏன் மேல வரலன்னு கேட்டா, மேல இருக்கறதுல உப்பு கம்மி, அவ்ளோ குளிர்ல அடர்த்திய முடிவு பண்றது பெரும்பாலும் உப்பு தான்.

உவர்ப்புல இது இன்னும் மோசம். பெரிய ஆறுங்க கலக்கற இடத்துல நன்னீர் மேல பரவிக்கும், கீழ போகப்போக உப்பு கூடும். வெயில்ல ஆவியாதல் அதிகமா இருக்கற துணைவெப்பமண்டலக் கடல்ல மேல்தண்ணி தான் உப்பு, கீழ குறையும். ரெண்டுக்கும் ஹேலோக்ளைன்னு ஒரே பேரு தான். அடர்த்தியோ கீழ போனா எப்பவும் கூடத்தான் செய்யும், அப்ப அடர்த்தி வேகமா மாறுற பட்டையான பைக்னோக்ளைன 'அடர்த்திச்சரிவு'ன்னு எழுதுனா படிக்கிற மாணவன் அடர்த்தி குறையுதுன்னு தான எடுத்துக்குவான்?

அதனால திசை சொல்லாத சொல்லு வேணும். என்னோட பரிந்துரை மாறடுக்கு: வெப்ப மாறடுக்கு, உவர்ப்பு மாறடுக்கு, அடர்த்தி மாறடுக்கு. மாறுற அடுக்கு, வினைத்தொகை, அவ்ளோதான். ஜெர்மன்காரங்க 'ஷ்ப்ரூங்ஷிக்ட்'னு தாவுற அடுக்குங்கிற பொருள்ல தான் சொல்றாங்க, அவங்களும் கிரேக்க வேரப் பிடிச்சுத் தொங்கல. அதுக்கு மேல காத்தும் அலையும் கலக்கி வச்ச தண்ணிய கலப்படுக்குன்னு சொன்னா ரெண்டும் ஒரே குடும்பமா நிக்கும், ஆக்ஸிஜனுக்கும் சத்துக்கும் இதே மாதிரி நீட்டிக்கலாம். 'மாறு'ன்னா எதிர்னும் பொருள் வருமேன்னு யாராச்சும் கேக்கலாம், ஆனா கணக்குல மாறி, மாறிலின்னு நாம ஏற்கெனவே பழகியாச்சு, அங்க யாரும் குழம்பல.

அடுக்குன்னு சொல்றதுல இன்னொரு நியாயமும் இருக்கு. இது வெறும் கிராஃப் கோடு இல்ல, கடலுக்குள்ள ஒரு மூடி மாதிரி வேலை செய்யுது. பால்டிக் கடல்ல 60-80 மீட்டர் ஆழத்துல உவர்ப்பு மாறடுக்கு இருக்கு, மேல கிலோவுக்கு 7 கிராம் வாக்குல உப்பு (திறந்த கடல்ல சராசரி 35), கீழ அதவிட கூட. அந்த மூடிய தாண்டி ஆக்ஸிஜன் கீழ போறது ரொம்பக் கஷ்டம், அதனால ஆழமான பள்ளங்கள்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு சேருது. 1893-ல நார்வே ஆய்வாளர் நான்சென் போன ஃப்ராம் கப்பல் ஆர்க்டிக்ல ஒரு இடத்துல என்ஜின் ஓடியும் நகராம திணறுச்சு, மேல நன்னீர், கீழ உப்புத்தண்ணி, கப்பலோட சக்தி நடுவுல இருந்த அடுக்குல அலை எழுப்பியே வீணாப் போச்சுன்னு பின்னாடி ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் சோதனை பண்ணி விளக்கினாரு. 'சரிவு'ங்கிற சொல்லுக்குள்ள இதெல்லாம் எங்க அடங்கும்?

ஆல்கலினிட்டிக்கு (தண்ணி அமிலத்தச் சமன்படுத்தற திறன்) 'காரத்தன்மை' போட்டதுலயும் எனக்கு மறுப்பு இருக்கு. காரத்தன்மைன்னா அமிலமா காரமான்னு காட்டுற பிஹெச் அளவுன்னு நினைச்சுக்குவாங்க. கரியமில வாயு கரைஞ்சா பிஹெச் குறையும், ஆல்கலினிட்டி அப்படியே இருக்கும், ரெண்டும் வேற வேற. அத தனி இழையில பேசுவோம், இங்க கலந்துற வேண்டாம். மாறடுக்குக்கு எதிர்ப்பு இருந்தா இந்த வாரத்துக்குள்ள எழுதுங்க, சொற்பட்டியல்ல மூணையும் சேர்த்தே மாத்திரலாம்.