நெக்குக்கு ஷிம் வைத்ததும் சத்தம் மெலிந்துவிட்டது, கழற்றிவிடவா?

கல்லடி_கம்பி:

வணக்கம். என்னிடம் இருப்பது கைமாறி வந்த ஒரு ஸ்ட்ராட் வகைக் கிட்டார். வாங்கிய நாளிலிருந்தே கம்பிகள் கொஞ்சம் உயரம். 12ஆவது ஃபிரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த 12ஆவது உலோகக் கோட்டில், கம்பிக்கு 2 மில்லிமீட்டர் உயரம் வந்தது. கம்பிகள் உடம்புப் பக்கம் ஏறி உட்காரும் சேடில்களை இனி இறங்காது என்கிற அளவுக்கு இறக்கியாயிற்று. இறக்கியதில் ஸ்குரூக்கள் எல்லாம் மேலே முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறின. கோயிலில் ஒரு பூசைக்கு வாசித்து முடிந்தால் கை சிவந்துபோய் இருக்கும்.

நெக்கின் அடியில் ஷிம் (சாய்வை மாற்றும் மெல்லிய துண்டு) வைத்தால் சரியாகும் என்று படித்துவிட்டுப் போன கிழமை நானே வைத்தேன். சிம் கார்டை உடைத்து எடுத்தபின் மிஞ்சுமே ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, நெக் பொக்கெட்டின் (உடம்பில் நெக் பொருந்தும் குழி) உள்முனையில், பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) பக்கமாக வைத்து நாலு ஸ்குரூவையும் முறுக்கினேன். சேடில்களை உயர்த்தி 1.6க்குக் கொண்டுவந்தேன். ஸ்குரூக்களும் உள்ளே போய்விட்டன, வாசிக்கவும் சுகம்.

ஆனால் ஆம்ப்பில் போட்டால் சத்தம் மெலிந்து, தகரப் பேணியைத் தட்டுவது மாதிரி கேட்கிறது. ஷிம் வைத்தால் டோன் செத்துவிடும் என்று ஒரு நண்பன் முதலே சொன்னான். ஞாயிறு வாசிக்க வேண்டும். கழற்றிவிடவா?

மரமே_டோன்:

கழற்றுங்கள். போல்ட்-ஆன், அதாவது நெக்கை ஸ்குரூவால் பூட்டும் கிட்டாரில் நெக்கும் உடம்பும் மரத்தோடு மரமாக இறுகி உட்கார வேண்டும். நீங்கள் நடுவில் பிளாஸ்டிக்கை வைத்து, மிச்ச இடத்தைக் காற்றுக்கு விட்டிருக்கிறீர்கள். அதிர்வு எப்படிக் கடக்கும்? ஒரு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்தால் நாளடைவில் நெக்கின் கடைசி ஃபிரெட்டுகள் மேலே வளைந்து ஏறும் ஆபத்தும் இருக்கிறது.

பழைய_பைலா:

கொஞ்சம் பொறுங்கள் தம்பி, ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். முதலில் இரண்டு கேள்வி. பிக்கப் சுவிட்சின் எல்லா நிலையிலும் சத்தம் மெலிந்ததா, ஒன்றில் மட்டுமா? ஆம்ப் இல்லாமல் வெறும் கிட்டாராக அடித்தால் முன்னைப் போலவே கேட்கிறதா?

கல்லடி_கம்பி:

இப்போதுதான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன் அண்ணன். நெக் பிக்கப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் கொஞ்சம் குறைவு. சேடில்களுக்குக் கிட்ட இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்தான் மோசம். ஆம்ப் இல்லாமல் அடித்தால் முன்னைப் போலத்தான் இருக்கிறது, சில சுரம் இன்னும் நீளமாக நிற்பது போலவும் ஒரு எண்ணம். அது மனப்பிரமையோ தெரியாது.

பழைய_பைலா:

அப்படியென்றால் குற்றம் மரத்திலும் இல்லை, அட்டையிலும் இல்லை. மூட்டுத்தான் டோனைக் குடிக்கிறது என்றால் மூன்று பிக்கப்பிலும் குடிக்க வேண்டும். பிரிட்ஜுக்கு மட்டும் வஞ்சகம் செய்ய அதற்குத் தெரியாது.

நடந்தது இதுதான். சிம் அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீட்டர், பேங்க் கார்டின் அதே தடிப்பு. அது பொக்கெட்டின் உள்முனையில் இருக்கிறது. நெக் சாய்வது பொக்கெட்டின் வெளி விளிம்பை ஊன்றி. அந்த விளிம்பிலிருந்து அட்டைக்கு 7 சென்டிமீட்டர்போல, பிரிட்ஜுக்கு 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, உள்ளே வைக்கும் தடிப்பு பிரிட்ஜில் ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். உங்கள் 0.76க்கு அது இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேலே. ஆக்ஷனையும் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) சேர்த்து இறக்கியதால் ஒரு பங்கு அதில் கழிந்திருக்கும். மீதியைச் சேடிலை உயர்த்தித்தான் ஈடுகட்டியிருப்பீர்கள், சரியா?

சேடில் உயர்ந்தால் கம்பியும் உடம்பை விட்டு உயரும். பிக்கப் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும். பிரிட்ஜ் பக்கம் இடைவெளி கூட, நெக் பக்கம் போகப்போகக் குறைவு. நீங்கள் சொன்ன வரிசை அச்சொட்டாக அதுதான். காந்தம் கம்பியை விட்டுத் தள்ளிப்போனால் சிக்னல் குறையும், அடியும் மங்கும்.

கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காந்தத்தின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளந்து போடுங்கள்.

கல்லடி_கம்பி:

அடிமட்டத்தால் அளந்தேன். பிரிட்ஜில் தடித்த கம்பிக்கு 4, மெல்லிய கம்பிக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். நெக்கில் இரண்டரைபோல.

பழைய_பைலா:

பார்த்தீர்களா. பழைய பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு, ஸ்ட்ராட்டைச் செய்யும் ஃபெண்டர் கம்பனி சொல்லும் தொடக்க அளவு தடித்த கம்பியில் 2.4 மில்லிமீட்டர், மெல்லியதில் 2.0. பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்குரூவையும் திருகி அங்கே கொண்டுவாருங்கள், இரண்டு நிமிட வேலை. நெக்கில் கை வைக்கவே வேண்டாம். ஆசைப்பட்டு இன்னும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். நெக் பிக்கப்பில் முக்கியமாக, காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்தால் மேல் ஃபிரெட்டுகளில் தடித்த கம்பி இரண்டு சுரமாக ஆடும். எந்த டியூனரும் அதற்கு மருந்தில்லை.

ஷிம் என்றால் பாவம் என்கிற கதைக்கும் ஒரு வார்த்தை. 1950கள், 60களிலேயே ஃபெண்டர் தொழிற்சாலையில் பொக்கெட்டுக்குள் அட்டைத்துண்டு வைத்துத்தான் பல கிட்டார்களை அனுப்பினார்கள். 1970களில் நெக்கின் சாய்வை ஒரு ஸ்குரூவால் மாற்றும் மைக்ரோ-டில்ட் என்ற ஏற்பாட்டையே போட்டார்கள். ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் கிட்டார்களை வைத்திருப்பவர்கள் வேண்டுமென்றே ஷிம் வைப்பார்கள். பிரிட்ஜ் உயர்ந்தால் அதன் மேல் கம்பி இறங்கும் கோணம் கூடும், கம்பி சேடிலில் அமர்ந்து நிற்கும். நான் பறங்கியர் கல்யாண வீடுகளில் விடிய விடிய ரிதம் அடித்த கிட்டாரின் நெக்கடியில் சிகரெட் பெட்டி அட்டை கிடந்தது. ஆட வந்தவர்கள் யாரும் டோன் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை.

சாய்ந்தமருது_பாஸ்:

பைலா காக்கா சொன்னது சரி. இரண்டு விஷயம் நானும் சேர்க்கிறேன். அளக்க அடிமட்டம் போதாது தம்பி. மோட்டார் சைக்கிள் கராஜில் டப்பட் இடைவெளி பார்க்கிற, மெல்லிய உலோகத் தாள்களாலான கேஜ் இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்குங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டை அழுத்தி, 8ஆவதில் இடைவெளி பாருங்கள். 0.25 இருந்தால் நெக்கின் வளைவு சரி. அது பிழைத்திருந்தால் நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடில்தான் திருத்த வேண்டும். வளைவை ஷிம்மால் மறைக்கப் போனால் பிறகு இரண்டும் குழம்பும்.

மற்றது, நெக் ஸ்குரூ. கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றிவிட்டு, நாலையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ‘கிரீச்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வரும், பயப்பட வேண்டாம். கம்பியின் இழுவை நெக்கைப் பொக்கெட்டுக்குள் இழுத்து அமர்த்தும். பிறகு திரும்ப இறுக்குங்கள். மரமே_டோன் காக்கா பயப்படுகிற இடைவெளியில் பாதி இப்படி ஒழுங்காக அமராத நெக்கால் வருவது.

மரமே_டோன்:

பிரிட்ஜில் மட்டும் என்று முதலே தெரிந்திருந்தால் நானும் பிக்கப்பைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன். அந்த மட்டில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடைசி ஃபிரெட் வளையும் கதையை விடமாட்டேன், அதைக் கண்ணால் கண்டவன் நான். முழுப் பொக்கெட்டுக்கும் ஆப்பு மாதிரி சீவிய மரத்துண்டு வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. அரைப் பாகைச் சாய்வு என்றால் தடித்த முனை 0.6 மில்லிமீட்டர்தான். ஒரு கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டிவைத்துத் தேய்த்தால் பொறுமைசாலிக்கு ஒரு பின்னேர வேலை.

பழைய_பைலா:

அதில் எனக்குச் சண்டையில்லை. ஆறுதலாகச் செய்யலாம். இப்போது கச்சான் காற்று, மரம் காய்ந்துபோய்க் கிடக்கும். மாரியில் ஈரம் குடித்து நெக் இன்னொரு பக்கம் போகும். இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டு ஆப்பு சீவினால் ஒரு முறையோடு முடியும்.

கல்லடி_கம்பி:

பிக்கப்பை 2.4க்கும் 2.0க்கும் உயர்த்தினேன். சத்தம் திரும்பி வந்துவிட்டது! பிரிட்ஜில் முன்னைவிட ஒரு கடி கூட என்றே சொல்வேன். கேஜும் வாங்கிப் பார்த்தேன், 0.25 தாள் இறுக்கமாகப் போகிறது. நெக் ஸ்குரூவைத் தளர்த்தும்போது ‘கிரீச்’ வந்தது, ஒரு கணம் நெஞ்சு நின்றது. சிம் அட்டை இப்போதைக்கு உள்ளேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மீதி. மூன்றாம் கம்பியில் 12ஆவது ஃபிரெட்டை அழுத்தினால், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிடச் சுருதி கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. முன்பு சரியாக இருந்தது.

சாய்ந்தமருது_பாஸ்:

ஆக்ஷன் இறங்கிவிட்டதல்லவா, அழுத்தும்போது கம்பி முன்னைப் போல நீளாது, அதனால் சுருதி குறைகிறது. அந்தச் சேடிலை நெக் பக்கமாக அரைச் சுற்று முன்னே விட்டு மறுபடி டியூன் செய்து பாருங்கள். மற்ற ஐந்தையும் பார்க்க மறக்க வேண்டாம், சேடில் உயர்ந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் மாறியிருக்கும். கம்பி பழசென்றால் முதலில் புதுசு போடுங்கள், பழைய கம்பியில் இன்டனேஷன் (ஃபிரெட்டுகளில் சுருதி சரியா என்பது) பார்ப்பது வீண் வேலை.