பூமி எரிந்துபோகுமா, புதிதாகுமா?

பள்ளத்தூர் கொத்தனார்:
எங்க ஐயா காலத்துல இந்தப் பக்கம் வீடு கட்டுனாங்க. எனக்கு வர்றதுல பாதி பிரிக்கிற வேலை. போன வாரம் ஒரு வளவுல, அதான் செட்டியார் பெரிய வீட்டுல, பர்மா தேக்குத் தூணை இறக்குனோம். சுவத்துல முட்டைப் பூச்சு இன்னும் முகம் பாக்கலாம் போல இருந்துச்சு. கடப்பாரை வைக்கவே கை கூசுச்சு. வீட்டுல அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு முதுகு வலி. சபையில சொன்னா, 2 பேதுரு 3:10-ஐக் காட்டி, "இந்தப் பூமியே வெந்துபோகும், மேல பாரு"ங்கிறாங்க. அப்ப நான் எதுக்குங்க மட்டம் பாத்துக் கட்டணும்?

தேவகோட்டை டீச்சர்:
தம்பி, அதே அதிகாரத்தில் நாலு வசனம் மேலே போங்க. நோவா காலத்து உலகம் தண்ணீரால் அழிந்தது என்கிறார் பேதுரு. ஆனா மண் எங்கேயும் போகலை. வெள்ளம் வடிஞ்சதும் நோவா அதில்தான் திராட்சைத் தோட்டம் போட்டார். நெருப்பையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன். 13-ஆம் வசனத்தில் நீதி குடியிருக்கும் புதிய பூமியே வந்துடுது. ரோமர் 8:21-ல் படைப்புக்கே விடுதலை. வெளிப்படுத்தல் 21-ல் நாம மேலே ஏறலை, நகரம் கீழே இறங்குது.

உங்க தொழிலுக்கு ஏசாயா 65:21, 22. கட்டுறவனே குடியிருப்பான், வேறொருத்தன் இல்லை. நம்ம ஊரில்? வீட்டுக்காரர் சம்பாதிச்சது பர்மாவில், பேரன் சென்னையில், வீட்டில் காவல்காரர். கட்டுன கொத்தனாருக்கு வாடகை வீடு! ஏசாயா சொல்றது இந்த அநியாயம் தீர்றதைத்தான்.

நைட் டியூட்டி:
டீச்சர் சொல்றது சரி. ஆனா ஊசி குத்துற அன்னிக்கு அம்மாவுக்கு இதெல்லாம் காதுல ஏறாது. ரோமர் 8:23-ல பரிசுத்த ஆவி கிடைச்சவங்களும் தவிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. புலம்புனா விசுவாசம் இல்லைன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. காப்பீட்டு அட்டை இருக்கா? துணைக்கு யார் போறாங்க?

பள்ளத்தூர் கொத்தனார்:
அட்டை இருக்கு. துணைக்கு நான்தான், அன்னிக்குக் கூலி போயிரும். டீச்சர், நம்ம பிரயாசம் வீணாகாதுன்னு 1 கொரிந்தியர் 15:58-ல இருக்கே, அதுல இடிக்கிற வேலையும் சேருமா?

தேவகோட்டை டீச்சர்:
இடிக்கச் சொல்றவர் கணக்கு வேற. நீங்க சேதமில்லாம இறக்குற தூண் இன்னொரு வீட்டைத் தாங்குமே, அதைச் சேர்த்துக்குவேன். அம்மாவை எந்தக் கிழமை கூட்டிட்டுப் போறீங்க? நான் ரிட்டயர் ஆனவ, வீட்டில் சும்மாதான் இருக்கேன்.